எம்.எஸ்சி. முடித்த கைக்கு எந்த லேப்? ப்ராஜெக்ட், டயக்னாஸ்டிக், மருந்துக் கம்பெனி, பிஎச்.டி.: ஓர் ஒப்பீடு

போன வாரம் ஒரு தங்கை போன் செய்தாள். சென்னையில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்தவள். தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதினாள், அதில் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கை நழுவிவிட்டது. இப்போது மூன்று இடத்தில் கூப்பிடுகிறார்கள்: பல்கலைக்கழக லேப் ஒன்றில் ப்ராஜெக்ட் வேலை, நகரத்துக்குள் ஒரு டயக்னாஸ்டிக் லேப், ஆலத்தூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. நாலாவதாக அப்பா ஒன்று சொல்கிறார்: "ஃபீஸ் நான் கட்டுறேன், பேசாம பிஎச்.டி. சேர்ந்துடு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்க்கா. எதுல சேரட்டும்?"

சம்பளம் எவ்வளவு என்று கேட்பேன் என நினைத்திருப்பாள். "எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்ல நீயே செஞ்சது என்ன?" என்று கேட்டேன்.

"ஆர்.என்.ஏ. எடுத்தேன், ரியல் டைம் பி.சி.ஆர். போட்டேன்."

"பிரைமர் யார் டிசைன் பண்ணாங்க?"

"சீனியர் அண்ணா."

"டெம்ப்ளேட் போடாத கன்ட்ரோல்ல சிக்னல் வந்தா என்ன பண்ணுவ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அண்ணாகிட்ட கேட்பேன்" என்றாள்.

பி.சி.ஆர். என்பது டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை. எந்த இடத்தைப் பெருக்குவது என்று காட்டும் சின்ன டி.என்.ஏ. துண்டுதான் பிரைமர். பெருக்க வேண்டிய டெம்ப்ளேட்டே போடாத குழாயில் சிக்னல் வந்தால் கலப்படம் போல ஏதோ கோளாறு என்று அர்த்தம். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் எம்.எஸ்சி. பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. ஆறு மாத ப்ராஜெக்ட்டில் நாலு மாதம் பிரைமர் வருவதற்கே காத்திருப்போம், மிச்சத்தில் அண்ணாவோ அக்காவோ பக்கத்தில் நின்று ஓட்டிக் கொடுப்பார்கள். அதனால் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்: பரிசோதனை ஓடாத நாளில், ஏன் ஓடவில்லை என்று தேடும் பொறுப்பு உங்கள் தலையில் விழும் இடமா அது?

எதை வைத்து எடை போடுவது

முதலில் கை. இரண்டு வருடம் கழித்து அங்கிருந்து கிளம்பும்போது எதைத் தனியாகத் தொடங்கித் தனியாக முடிக்கத் தெரிந்திருக்கும்? 'பி.சி.ஆர். தெரியும்' என்று பயோடேட்டாவில் எல்லோரும் எழுதுகிறார்கள். பிரைமர் வடிவமைத்து, பிரைமர் ஒட்டும் அனீலிங் வெப்பநிலையைக் கண்டுபிடிக்கப் பல வெப்பநிலைகளில் ஓட்டிப் பார்க்கும் கிரேடியன்ட் போட்டு, தெரிந்த அளவுகளை வைத்து ஸ்டாண்டர்ட் கர்வ் வரைந்து, அதன் சாய்வு -3.32-க்குப் பக்கத்தில் வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது என்று புரிந்து வைத்திருப்பவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான்.

அடுத்தது காசு. தொகையைப் பார்ப்பதோடு தேதியையும் பாருங்கள். ஒன்றாம் தேதி தவறாமல் வரும் சின்னச் சம்பளமும், ஐந்து மாதம் கழித்து மொத்தமாக வரும் பெரிய உதவித்தொகையும் வேளச்சேரியில் வாடகைக்கு இருப்பவருக்கு ஒன்றல்ல.

அப்புறம் கதவு. அங்கே போனபின் மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டா என்பது.

கடைசியாக ஆள். யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறீர்கள்? விளம்பரத்தில் அச்சாகாத அளவுகோல் இதுதான், மற்ற மூன்றையும் கவிழ்த்துவிடக்கூடியதும் இதுதான்.

ப்ராஜெக்ட் வேலை

கிண்டியிலும் தரமணியிலும் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக வளாகங்கள், அண்ணா பல்கலைக்கழகத்தின் பயோடெக்னாலஜி மையம், ஐ.ஐ.டி., அடையாற்றில் சி.எல்.ஆர்.ஐ. என்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இத்தனை லேப்கள் அடர்ந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு இல்லை. இவற்றில் வெளிநிதியில் நடக்கும் திட்டங்களுக்கு ப்ராஜெக்ட் அசோசியேட், ஜே.ஆர்.எஃப். என்ற பதவிப் பெயர்களில் ஆள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். நெட் அல்லது கேட் தேர்வில் தேறியிருந்தால் உதவித்தொகை கூடுதல், இல்லையென்றால் குறைவு. வீட்டு வாடகைப் படி தனி.

கைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. காரணம் வசதி இருப்பதல்ல, இல்லாததுதான். கிட் வாங்கக் காசில்லாத லேபில் பிளாஸ்மிட் பிரெப்பை, அதாவது பாக்டீரியாவிலிருந்து வட்டமான சின்ன டி.என்.ஏ.வைப் பிரிப்பதை, ஆல்கலைன் லைசிஸ் முறையில் கையால் போடுவீர்கள், எந்தக் கரைசல் எதற்கு என்று தானாகப் புரியும். வெளியிலிருந்து டி.என்.ஏ.வை ஏற்கும் காம்பிடன்ட் செல்லை நீங்களே தயாரிப்பீர்கள். டி.என்.ஏ. உள்ளே போக 42 டிகிரியில் 45 நொடி ஹீட் ஷாக் கொடுத்தும் மறுநாள் பிளேட்டில் ஒரு காலனிகூட இல்லையென்றால் டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் லிகேஷன் தப்பா, செல் தப்பா, ஆன்டிபயாட்டிக் தப்பா என்று ஒவ்வொன்றாகக் கழிப்பீர்கள். வெட்டாத பிளாஸ்மிட்டை ஒரு கன்ட்ரோலாகப் போட்டிருந்தால் அந்தக் கேள்வியில் பாதிக்கு அன்றைக்கே பதில் கிடைத்திருக்கும் என்பதையும் அப்போதுதான் கற்பீர்கள்.

புரதத்தை ஆன்டிபாடியால் தேடிப் பிடிக்கும் வெஸ்டர்ன் பிளாட்டை நான் கற்றதும் இப்படித்தான். பாஸ்போ புரதத்துக்கான ஆன்டிபாடி போட்டு, மூன்று வாரம் மெம்பிரேன் முழுக்கக் கருப்பாக வந்தது. ஆன்டிபாடியைத் திட்டினேன், கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினேன். கடைசியில் பார்த்தால் பால் பவுடர். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் பிளாக்கிங்குக்குப் போட்ட பாலில் இருக்கும் கேசீனே ஒரு பாஸ்போ புரதம். பி.எஸ்.ஏ. என்ற மாட்டு ரத்தப் புரதத்துக்கு மாறியதும் தெளிந்தது. அந்த மூன்று வாரத்தில் கற்றதை எந்தப் பயிலரங்கிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். திட்டங்கள் பொதுவாக மூன்று வருடம். விளம்பரம் வரும்போது அதில் எத்தனை மாதம் மிச்சம் என்று யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். நிதியும் தவணையாக வருவது. முந்தைய தவணைக்குச் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் போனால்தான் அடுத்தது வரும். அந்தக் காகிதம் எங்காவது ஒரு மேசையில் தூங்கினால் உங்கள் சம்பளமும் தூங்கும். எனக்கு ஒருமுறை நாலு மாதம் தூங்கியது. தீபாவளிக்குப் புடவை எடுக்கத் தம்பியிடம் கடன் வாங்கினேன்.

இன்னொரு செலவு நேரம். கொட்டேஷன் வாங்குவது, பில் ஒட்டுவது, ஆட்டோகிளேவ் ரிப்பேர்க்காரரைத் துரத்துவது எல்லாமே ப்ராஜெக்ட் ஆளின் வேலை. பேப்பரில் பெயர் வருமா என்பதைச் சேரும்போதே நேராகக் கேட்டுவிடுங்கள். அப்போது கூச்சப்பட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள்.

பிஎச்.டி. வேண்டும், ஆனால் இன்னும் உதவித்தொகை இல்லை என்பவருக்கு இதுதான் இடம். ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா என்று சந்தேகம் இருப்பவருக்கும்தான். ஐந்து வருடத்துக்குத் தலையைக் கொடுக்குமுன் ஒன்றரை வருடம் காலை நனைத்துப் பார்த்துவிடலாம். ஆனால் வீட்டில் மாதா மாதம் பணம் எதிர்பார்ப்பவர்கள் இருந்தால் இதைத் தவிருங்கள்.

டயக்னாஸ்டிக் லேப்

இரண்டரை வருடம் இங்கே இருந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே முதலில் கற்பது ஒழுங்கு. பி.சி.ஆர். கலவையான மாஸ்டர் மிக்ஸ் கலக்க ஓர் அறை, சாம்பிளிலிருந்து நியூக்ளிக் அமிலம் எடுக்க ஓர் அறை, பெருக்குவதற்கு ஓர் அறை. ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். மூன்றாவது அறையில் போட்ட கோட்டோடு முதல் அறைக்குள் நுழைந்தால் சூப்பர்வைசர் கத்துவார். கத்துவதில் நியாயம் இருக்கிறது. ஒரு பி.சி.ஆர். குழாயில் கோடிக்கணக்கில் பெருகிய டி.என்.ஏ. பிரதிகள் துளியளவு காற்றில் பறந்தாலும் அடுத்த நாள் நெகட்டிவ் எல்லாம் பாசிட்டிவ் ஆகும். பல்கலைக்கழக லேபில் அப்படி நடந்தால் ஒரு வாரம் வீண். இங்கே நடந்தால் யாரோ ஒருவருக்கு இல்லாத நோய்க்கு மருந்து எழுதப்படும். லேப்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தின்படி பைப்பெட் முதல் ஃப்ரிட்ஜ் வரை எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. இந்தப் பழக்கம் கையில் ஏறினால் பிறகு போகாது.

குறை என்னவென்றால், கிட் ஒரு மூடிய பெட்டி. பிரைமர் எந்த ஜீனைப் பிடிக்கிறது என்று பல சமயம் நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் வராது. ஓடவில்லை என்றால் கம்பெனி அப்ளிகேஷன் ஆளைக் கூப்பிடுவார்கள். காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பெர்ட் மாதிரியான கருவியில் சளி மாதிரியைப் பதப்படுத்தி கேட்ரிட்ஜில் ஊற்றினால் போதும். பிரித்தெடுப்பதும் பெருக்குவதும் ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்று பார்ப்பதும் பெட்டிக்குள்ளேயே நடந்து இரண்டு மணி நேரத்தில் பதில் வந்துவிடும். நோயாளிக்கு இது வரம். மாலிக்யூலர் பயாலஜி கற்க வந்தவருக்கு இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆர்.டி.-பி.சி.ஆர். போடத் தெரிந்தால் போதும் என்று எம்.எஸ்சி. பிள்ளைகளை அள்ளி எடுத்தார்கள். பி.பி.இ. உடைக்குள் வேர்த்து ஊற்ற, ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கில் சாம்பிள் பார்த்தவர்கள் எனக்குத் தெரியும். அலை அடங்கியதும் ஒப்பந்தமும் அடங்கியது. அதன்பின் ஆராய்ச்சி லேப்களுக்கு நேர்காணல் போனபோது, 'ஒரே ஒரு கிட்டை ஆயிரம் தடவை' என்ற அனுபவத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை என்று கண்டார்கள். கொடுமைதான், ஆனால் நடந்தது அது.

ஞாயிறு டியூட்டி, இரவு ஷிஃப்ட், ரிப்போர்ட் நேரத்துக்குப் போக வேண்டும் என்ற அழுத்தம் எல்லாம் விளம்பரத்தில் இருக்காது. மருத்துவ லேபின் ரிப்போர்ட்டில் கையெழுத்து பெரும்பாலும் எம்.டி. படித்த மருத்துவருடையது. எம்.எஸ்சி.க்காரர் ஒரு உயரத்துக்கு மேல் போவது கஷ்டம்.

உடனே நிலையான சம்பளம் வேண்டியவருக்கு நல்ல இடம். மரபணுச் சோதனை, புற்றுநோய் மாலிக்யூலர் சோதனை, ஒரே நேரத்தில் ஏராளமான டி.என்.ஏ. துண்டுகளைப் படிக்கும் என்.ஜி.எஸ். வரிசையாக்கம் செய்யும் லேப் என்றால் இன்னும் நல்லது. அங்கே வரிசையாக்கத்துக்கு டி.என்.ஏ.வைத் தயார்செய்யும் லைப்ரரி தயாரிப்பு கையில் ஏறும், அது எங்கே போனாலும் செல்லும். சாதாரண லேப் என்றால் சேரும் அன்றே ஒரு முடிவுத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டு போனவள். அது இரண்டரை ஆனது என் சோம்பல்.

மருந்துக் கம்பெனி

பயாலஜிக்ஸ் (உயிர்செல்களிலிருந்து தயாராகும் மருந்து), தடுப்பூசி, பெரிய ஆர் அண்ட் டி என்றால் ஹைதராபாத்தும் பெங்களூரும்தான் முதலில். சென்னையில் தரமணி டைசல் பயோ பார்க்கில் சில, ஆலத்தூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் சில. எம்.எஸ்சி. பயோடெக் படித்தவர் பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டின் மைக்ரோபயாலஜி பக்கம் போய் நிற்பார்: கிருமி வளர்கிறதா என்று 14 நாள் வைத்துப் பார்க்கும் ஸ்டெரிலிட்டி சோதனை, லாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த பொருளை வைத்துச் செய்யும் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனை, தண்ணீர், காற்று, சுவர் என எல்லாவற்றிலும் கிருமிச் சோதனை.

மாலிக்யூலர் பயாலஜி இங்கே அரிது. எழுதும் பழக்கம்தான் இங்கே கிடைக்கும் சொத்து. எழுதாத வேலை நடக்காத வேலை. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு அடித்து, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும், ஒயிட்னர் கூடாது. ஆராய்ச்சி லேபிலிருந்து வருபவர்கள் இதைக் கேலி செய்வார்கள். அவர்களுடைய லேப் நோட்டைப் பார்த்தால் யார் யாரைக் கேலி செய்யலாம் என்று தெரிந்துவிடும்.

தொகை பெரிதில்லை என்றாலும் சம்பளம் தேதிக்கு வரும். விடிவதற்கு முன் ஏறும் கம்பெனி பஸ், வீடு திரும்ப ராத்திரி. இத்தனை வருடம் விலகமாட்டேன் என்று பாண்ட் கேட்டால் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகலுக்கு மேல் யாருக்கும் தேவையில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு கம்பெனிக்கு மாற வழி அகலமாகத் திறந்திருக்கும், ஹைதராபாத் போகத் தயார் என்றால் இன்னும் அகலம். ஆராய்ச்சிக்குத் திரும்பும் வழி குறுகலானது.

பிஎச்.டி.

ஜே.ஆர்.எஃப். இருந்தால் கணக்கு தெளிவு. 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தொகை, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, ஹாஸ்டல் இல்லையென்றால் வாடகைப் படி. யு.ஜி.சி.-யின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மூன்றில் முடித்த மாலிக்யூலர் பயாலஜிக்காரரை நான் பார்த்ததில்லை. ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை இல்லாமல், ஃபீஸ் கட்டிச் சேர்வதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஃபீஸோடு முடிந்துவிடாது. ரீஏஜென்ட்டுக்குச் சொந்தக் காசு போட்ட ஸ்காலர்களைப் பார்த்திருக்கிறேன், தங்கச் சங்கிலியை அடகு வைத்து ஆன்டிபாடி வாங்கியது உட்பட. நிதி இல்லாத லேபில் கைக்கு வேலை இருக்காது, ஆய்வேட்டில் பக்கம் மட்டும் ஏறும். அந்த அப்பாவிடம் இதைச் சொல்ல நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தலைப்பைவிட கைடை, அதாவது வழிகாட்டும் பேராசிரியரைப் பாருங்கள். அதே லேபில் மூன்றாம் வருடம் இருக்கும் ஸ்காலரை கேன்டீனில் பிடித்து ஒரு டீ வாங்கிக்கொடுத்தால் போதும். கடைசியாக முடித்தவர் எத்தனை வருடத்தில் முடித்தார், நடுவில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள். இந்த மூன்று கேள்விக்கு முன் எந்த லேபின் வெப்சைட்டும் நிற்காது.

திருமணப் பேச்சு இந்த ஐந்து வருடத்துக்குள்தான் வரும், குறிப்பாகப் பெண்களுக்கு. லேபில் செல்களை வளர்க்கும் செல் கல்ச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, அவை வளரும் மீடியாவை மாற்றியே ஆக வேண்டும். "லீவு நாள்ல என்ன லேபு?" என்று கேட்கும் வீட்டுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இடையில் ஒரு வழி: மெடிக்கல் கோடிங்

மருத்துவமனைப் பதிவுகளை இன்சூரன்ஸுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை இது. ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் இதற்கு ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், நம் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான். சம்பளம் ஒழுங்காக வரும், கவுரவமான வேலை. ஆனால் பைப்பெட்டுக்குத் திரும்பி வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. கம்ப்யூட்டர்தான் பிடிக்கும் என்றால் ஆர், பைதான் என்ற கணினி மொழிகளைக் கற்று, பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்.என்.ஏ. வரிசைத் தரவுகளை எடுத்து வீட்டிலிருந்தே அலசிப் பழகலாம். அது லேபை விட்டுப் போகாத வழி.

ஒரே பார்வையில்

| | கை | காசு | கதவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ப்ராஜெக்ட் | முழுச் சங்கிலியும் | சுமார், தாமதமாகலாம் | எல்லாப் பக்கமும் | பிஎச்.டி. எண்ணமும் வீட்டுச் சுமை இல்லாமையும் உள்ளவர் |
| டயக்னாஸ்டிக் | ஒழுங்கு கிடைக்கும், அகலம் இல்லை | தேதிக்கு வரும் | ஒரு வருடத்துக்குள் என்றால் திறந்தது | உடனே சம்பாதிக்க வேண்டியவர் |
| மருந்துக் கம்பெனி | ஆவணம், நுண்ணுயிர்ச் சோதனை | தேதிக்கு வரும், வளரும் | கம்பெனிக்குள் அகலம் | ஊர் மாறத் தயாரானவர் |
| உதவித்தொகையோடு பிஎச்.டி. | ஆழமாக | நல்ல தொகை, எப்போதும் தேதிக்கு இல்லை | அகலம், ஐந்து வருடம் கழித்து | கைடைத் தெரிந்தவர் |
| ஃபீஸ் கட்டி பிஎச்.டி. | லேபின் நிதியைப் பொறுத்து | செலவு மட்டும் | பட்டம் வந்தால் | விரிவுரையாளராக ஏற்கெனவே வேலையில் இருப்பவர் |

கடைசி வரிசையில் 'வேண்டாம்' என்றுதான் முதலில் எழுதினேன். கல்லூரியில் பணிபுரிந்துகொண்டே பகுதி நேரமாகச் செய்பவர்களுக்கு அது பதவி உயர்வுக்கான தேவை என்பதால் மாற்றினேன்.

சேருமுன் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்

எந்த லேபாக இருந்தாலும் சரி, "ஒரு தடவை லேபைச் சுத்திப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மைனஸ் 20 ஃப்ரீசரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குழாய்களில் பெயரும் தேதியும் இருக்கிறதா, அல்லது '1, 2, 3' என்று மார்க்கரில் எழுதிய அனாதைக் குழாய்களா? செல் கல்ச்சர் அறையில் மைக்கோபிளாஸ்மா என்ற, செல்களைக் கெடுக்கும் பாக்டீரியாவுக்கான சோதனையைக் கடைசியாக எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள். அது சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, செல் சுவர் இல்லாததால் பென்சிலினுக்கும் மசியாது. தேடிப் பார்க்காத லேபில் இருக்காது என்று நம்ப வழியில்லை. அந்தக் கேள்விக்கு முகம் சுளித்தால் அதுவே பதில்.

மைனஸ் 80 ஃப்ரீசர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் லேப் தரைத்தளத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்து கரண்ட் வந்தபோது இரண்டு பேருடைய மூன்று வருட சாம்பிள்கள் வெதுவெதுப்பான கூழாகியிருந்தன. ஒருத்தி தலைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. சென்னையில் லேப் தேடும்போது மாடியும் ஜெனரேட்டரும் சேர்ந்ததுதான் தகுதி.

அந்தத் தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். பிஎச்.டி. எண்ணம் உறுதியாக இருக்கிறது, அப்பா இன்னும் மூன்று வருடம் சர்வீஸில் இருக்கிறார், வீடு பல்லாவரத்தில் சொந்தம். என் சாய்வு ப்ராஜெக்ட் பக்கம்தான், திட்டத்தில் குறைந்தது ஒன்றரை வருடம் மிச்சம் இருந்தால். ஆறு மாதம்தான் என்றால் டயக்னாஸ்டிக்கில் சேர்ந்துவிட்டு, சாயங்காலம் அடுத்த நெட்டுக்குப் படிக்கட்டும். புதன்கிழமை மதியம் அந்தப் பல்கலைக்கழக லேபுக்குப் போய்வரச் சொல்லியிருக்கிறேன். எத்தனை மாதம் மிச்சம், நெட் இல்லாதவருக்கு என்ன தொகை, பேப்பரில் பெயர் உண்டா. மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போகிறாள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஃப்ரீசரையாவது பார்த்துவிட்டு வா என்றேன்.